மறுப்புச் சீட்டு

மன்சி, இந்தியானா
6 பிப்ரவரி 1978

என் அருமை முன்னாள் மனைவி லவோனுக்கு,

கர்டிஸ் எழுதுறேன். நான் இங்கே கொழுகொழுன்னு இருக்கேன். நீ எப்படி இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான், இருந்தாலும் முறைக்குக் கேட்டு வைக்கிறேன்.

போன மாசம் உடைஞ்ச ஸ்பானர் ஒண்ணை உங்க ஊர் டூல்ஸ் கம்பெனிக்கு அனுப்பினேன். ஒரு கேள்வி இல்லாம புதுசு வந்துச்சு. கூட வந்த சீட்டுல 'பார்த்தவர்: எல்.டி.'னு கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்து. பதினோரு வருஷம் அந்தக் கையெழுத்துல எழுதின லிஸ்ட்டை வெச்சு மளிகைச் சாமான் வாங்கிட்டு வந்தவனுக்குத் தெரியாதா? ஆக, விவாகரத்துக்கு அப்புறம் அங்கேதான் வேலை பார்க்கிறியா! சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுப் போச்சு.

ஏன் சிரிச்சேன்னு கேளு. அது உங்கப்பா ஸ்பானர். அவரோட டூல்ஸ் பெட்டி வண்டியிலேர்ந்து திருட்டுப் போச்சுன்னு ஜட்ஜ் முன்னாடி சத்தியம் பண்ணினேனே, அது சும்மா. பெட்டி என் கராஜ்ல சொகுசா இருக்கு.

சர்ச்சுல வெள்ளிக்கிழமை மீன் விருந்து ஞாபகம் இருக்கா? ஊரே வாயில மீனோட உட்கார்ந்திருந்தப்போ உங்கப்பா என்னைக் காட்டி, "இந்த ஆள் எழுந்து போனதும் கரண்டியெல்லாம் இருக்கான்னு பார்த்துக்கங்க"ன்னாரு. அத்தனை பேரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச. அதை நான் மறக்கல.

அதனால இனி மாசம் ஒண்ணு. வைஸோட இரும்புத் தாடையில வெச்சு இறுக்கி, ஸ்பானர் வாலுல நீளமா ஒரு பைப்பைச் சொருகி, ஒரே அமுக்கு. அந்தச் சத்தம் காதுக்கு எவ்வளவு இதமா இருக்கு தெரியுமா? உடைஞ்சதை அனுப்புவேன். நீ உன் கையாலேயே புதுசு எடுத்துக் கட்டி அனுப்பணும். ஆயுள் கியாரண்டி ஆச்சே! புதுசை ஞாயித்துக்கிழமைச் சந்தையில வித்து பீர் குடிப்பேன், உங்கப்பா பேரைச் சொல்லி.

இப்படிக்கு,
கரண்டி திருடன் கர்டிஸ்


ஓலியன், நியூயார்க்
20 பிப்ரவரி 1978

கர்டிஸ்,

உன் பார்சல் என் மேஜைக்கு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். மேல உன் பேர். உள்ளே ரெண்டு துண்டா அப்பாவோட ஸ்பானர். 'ஓ.டி.'ன்னு அவர் கீறின எழுத்து மட்டும் இல்ல, அச்சடிச்ச நம்பர் குழியில சிவப்பு நெயில் பாலிஷ். பஸ் டிப்போ இருட்டுல நம்பர் தெரியணும்னு அம்மாவோட பாட்டிலை எடுத்து அப்பா பூசுவாரே, அதுவேதான். அம்மா போய் ஆறு வருஷம் ஆகுது. கழிவறைக்குப் போய் அழுதுட்டு வந்துதான் புதுசைக் கட்டினேன். போதுமா? சந்தோஷமா?

இங்கே வர்ற கடுதாசியெல்லாம் படிச்சா நீயே கூச்சப்படுவ. ஸ்பானரைச் சுத்தியலா வெச்சு அடிச்சு நசுக்கிட்டு, "சும்மா மெதுவாத்தான் திருகினேன், தானா உடைஞ்சுது"ம்பான் ஒருத்தன். குளத்துல கிடந்த துருவைப் பொறுக்கி அனுப்பிட்டு, "போன வாரம் வாங்கினது"ம்பான் இன்னொருத்தன். பாதிரியார் ஒருத்தர் கடவுளையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கார். டூல்ஸுக்குச் சொந்தக்காரனே வேணும்னு உடைச்சா அனுப்புறதுக்குன்னு 'மறுப்புச் சீட்டு' ஒரு கட்டு என் மேஜைக்குள்ள இருக்கு. ஃபோர்மேன் கஸ் அதைத் தொடவிட மாட்டார். "ஒரு ஸ்பானருக்கு ஆகுற செலவைவிட ஒரு சண்டைக்கு ஆகுறது ஜாஸ்தி. அனுப்பித் தொலைம்மா"ம்பார். உன் கடுதாசியையும் அவர்கிட்ட காட்டினேன். அதையேதான் சொன்னார்.

கல்யாணமான புதுசுல, மருமகன் பிழைக்கட்டும்னு அப்பா இரவல் கொடுத்த பெட்டி அது. இன்னைக்கு எழுபத்திநாலு வயசுல, பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட ஸ்பானர் இரவல் கேட்டு நிக்கிறார். அவன் சாயங்காலமே வேலி மேல எட்டிப் பார்த்துத் திருப்பிக் கேட்கிறான். அதைப் பார்க்க எனக்குப் பத்திக்கிட்டு வருது. பெட்டியை அனுப்பிடு. லாரிக் கூலி நான் கட்டுறேன். ஜட்ஜ் கிட்டப் போக மாட்டேன். ஒரு தடவை கேட்கிறேன், மறுபடி கேட்க மாட்டேன்.

லவோன்


மன்சி
14 மார்ச் 1978

கெஞ்சல் ராணி லவோனுக்கு,

உன் கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன். கழிவறையில அழுத இடத்தை மூணு தடவை.

பெட்டியா? வரும், வரும். துண்டு துண்டா வரும். இந்தத் தடவை ரெண்டு அனுப்பியிருக்கேன். ஒண்ணு நீ கெஞ்சினதுக்கு, ஒண்ணு உங்கப்பாவுக்கு. 'ஓ.டி.'யை அழிக்கலாமான்னு பார்த்தேன். வேணாம், நீ பார்க்கணும்னு அப்படியே விட்டுட்டேன்.

இங்கே என் முதலாளி ஹெர்ஷல் போக் என்னைத் தலைமேல வெச்சுக் கொண்டாடுறார். பட்டறையில எனக்குன்னு தனி இடம். "கர்டிஸ், உன்னை மாதிரி நம்பிக்கையான ஆள் கிடைக்கிறது கஷ்டம்"னு நேத்துதான் சொன்னார். உங்க ஊர்ல என்னைத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா அவங்ககிட்டயும் இதைச் சொல்லு.

கர்டிஸ்


ஓலியன்
3 ஏப்ரல் 1978

அன்புள்ள கர்டிஸ்,

ரெண்டும் வந்து சேர்ந்துச்சு. புதுசு ரெண்டு இன்னைக்குத் தபால்ல போகுது. உன் முதலாளி கொண்டாடுறார்னு படிச்சு ரொம்ப சந்தோஷம்.

உனக்கு ஒரு நல்ல சேதி. கம்பெனி விதிப்புத்தகத்தைச் சும்மா புரட்டிட்டிருந்தேன். உடைஞ்ச டூல்ஸ்ல சொந்தக்காரர் அடையாளம் இருந்தா, புதுசுலயும் அவர் பேரைப் பொறிச்சுத் தரணுமாம், இலவசமா. யாரும் கேட்கிறதில்லைங்கிறதால பொறிக்கிற மெஷின் தூசி படிஞ்சு கிடந்துச்சு. கஸ் துடைச்சுக் கொடுத்தார். நானே பொறிச்சேன். 'ஓர்வில் ட்ராஸ்க், ஓலியன், நியூயார்க்'. ஆழமாத்தான் இறங்கியிருக்கு.

உன் புண்ணியத்துல ஒரு புது வேலை கத்துக்கிட்டேன். பேரைத் தேய்ச்சு அழிச்சுடாதே, அழிச்ச டூல்ஸுக்குக் கியாரண்டி கிடையாது.

லவோன்


மன்சி
29 மே 1978

அடிப் பாவி,

உனக்கு இவ்வளவு விஷம் எங்கேர்ந்து வந்துச்சு? உங்கப்பன் ஊட்டினதா?

பேரை யார் படிக்கப் போறான்னு சந்தையில பரப்பிட்டேன். யார் வந்து குனிஞ்சு எடுத்தாங்கன்னு நினைக்கிற? ஹெர்ஷல். பொண்டாட்டி, பிள்ளைங்களோட. ஸ்பானரை வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சுப் படிச்சுட்டு, "யாருப்பா இந்த ட்ராஸ்க்?"னார். மாமனார், செத்துப் போயிட்டார்னேன். "செத்தவருக்கு ஸ்பானர் புத்தம் புதுசா இருக்கே"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டுப் போயிட்டார்.

அதோட விட்டுச்சா? மறுநாள்லேர்ந்து பட்டறை முழுக்க என் பேர் ட்ராஸ்க்! "ட்ராஸ்க், காபி குடிச்சியா?" "ஏ ட்ராஸ்க், உன்னைத் தேடிக்கிட்டு நியூயார்க்லேர்ந்து ஒரு ஆவி வந்திருக்கு!" கேலியை விடு. நான் பக்கத்துல போனா அவனவன் பெட்டியை இழுத்துப் பூட்டுறான். உனக்கே தெரியும், மெக்கானிக்கா இருக்கிறவன் முன்னாடி பெட்டியைப் பூட்டுறது மூஞ்சியில துப்புறதுக்குச் சமம்.

ரெண்டுலயும் இருந்த பேரைச் சாணையில வெச்சுத் தேய்ச்சுட்டேன். இதோ இன்னொண்ணு உடைச்சு அனுப்புறேன். பேர் இல்லாத புதுசு வரணும். பேரோட வந்துச்சு, பெட்டியில இருக்கிறது மொத்தத்தையும் உடைச்சு அள்ளி உன் வாசல்ல கொட்டுவேன். சொல்லிட்டேன்.

கர்டிஸ்


ஓலியன்
12 ஜூன் 1978

கர்டிஸ்,

புதுசு அனுப்பியிருக்கேன். பேர் ரெண்டு பக்கமும் போட்டிருக்கேன்.

மொத்தத்தையும் உடைப்பியா? நீயா? பதினோரு வருஷத்துல நீ ஒரு காரியத்தை முழுசா முடிச்சு நான் பார்த்ததில்ல. பின்வாசல் படி இன்னும் பாதியிலதான் நிக்குது. போய்ப் படு.

லவோன்


மன்சி
1 ஜூலை 1978

லவோன்,

முடிச்சுட்டேன். ஒரு சனிக்கிழமை முழுக்க ஆச்சு, தோள்பட்டை கழண்டு போச்சு. ஸ்பானர், ராட்செட், ஸ்க்ரூ டிரைவர், உளி, எல்லாம். கடைசியா பெட்டியையும் ஏறி மிதிச்சேன்.

லாரியில போட்டாச்சு. கூலியை வாங்குறவங்க கட்டணும்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கேன். உங்கப்பா முன்னாடி திற. கிழவன் மூஞ்சி எப்படிப் போச்சுன்னு எனக்கு ஒரு வரி எழுது. அதுக்காகத்தான் இத்தனையும்.

கர்டிஸ்


ஓலியன்
24 ஜூலை 1978

கர்டிஸ்,

கேட்டியே, எழுதுறேன்.

பெட்டி வந்துச்சு. கூலியைக் கட்டிட்டேன், மனசாரக் கட்டினேன். ஒண்ணு சொல்லட்டுமா? உன் முதல் கடுதாசி வந்த அன்னைக்கே வக்கீல்கிட்டப் போனேன். "ஜட்ஜ் நோட்டீஸ் அனுப்பினா அந்த ஆள் பெட்டியை ஆத்துல தூக்கிப் போட்டுட்டு, ஏது பெட்டின்னு கேட்பான்"னார். நீ செய்வ. ஆத்துல போனா போனதுதான். உடைஞ்சு வந்தா எங்க கம்பெனியில புதுசு உண்டு. அதனால நீயா அனுப்பணும், உடைச்சாவது அனுப்பணும். உன் கோபத்தை எங்கே தொட்டா நீ என்ன செய்வன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பின்வாசல் படியைப் பத்தி யோசிச்சுத்தான் எழுதினேன்.

அப்பா மூஞ்சியைக் கேட்ட. திறந்ததும் ஒவ்வொண்ணா எடுத்து மேஜை மேல ஜோடி சேர்த்து வெச்சார். "ரொம்ப மெனக்கெட்டிருக்கான்"னார். அவ்வளவுதான். அப்புறம் நான் நினைச்சே பார்க்காதது நடந்துச்சு. 'தானா உடைஞ்சுது'ன்னு நான் எழுதி வெச்ச காகிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். "வேலையில உடைஞ்சா கேட்கலாம். இது வேலையில உடைஞ்சதில்லம்மா. பொய் சொல்லி வாங்கினா அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"னார். ஆறு மாசமா நான் போட்ட கணக்கு ஒரு நிமிஷத்துல கவிழ்ந்து போச்சு. அழுதேன், கத்தினேன், சாப்பாடு போட மாட்டேன்னு கூடச் சொன்னேன். அவர் பாட்டுக்கு உட்கார்ந்து வேற காகிதத்துல எழுதினார். எழுதினதை அப்படியே தர்றேன்:

"ஐயா, என் டூல்ஸ் எதுவும் தானாக உடையவில்லை. முப்பது வருஷம் பஸ் டிப்போவில் உழைத்தன. என் மகளின் முன்னாள் புருஷன் கர்டிஸ் ஹாப்குட் என்னைப் பழிவாங்க வைஸில் வைத்து உடைத்தான். உங்கள் இரும்பில் குறையில்லை. நீங்கள் எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை. தந்தால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன். ஓர்வில் ட்ராஸ்க்."

கஸ் அதைப் படிச்சார். மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். பெஞ்ச்ல வேலை பார்த்த எல்லாரையும் கூப்பிட்டு உரக்கப் படிச்சார். "இந்த மேஜைக்கு உண்மை எழுதி வந்த முதல் கடுதாசி இது. சொந்தக்காரர் உடைக்கல, திருடன்தான் உடைச்சிருக்கான். எல்லாத்துக்கும் புதுசு கொடு"ன்னார். முத்திரையை அவரே குத்தினார்.

எல்லாம் வந்தாச்சு. அப்பா இப்போ சமையல் மேஜையில உட்கார்ந்து சிவப்புப் பாலிஷ் பூசிட்டிருக்கார், வீடே நாறுது. பக்கத்து வீட்டுக்காரன் நேத்து வந்து அவர்கிட்ட ஸ்பானர் இரவல் கேட்டான். அப்பா சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து, வேலி மேல எட்டிப் பார்த்துத் திருப்பிக் கேட்டார்.

இப்போ உன் விஷயம். திருட்டுப் போன பெட்டியை நீயே லாரியில ஏத்தி, நீயே கையெழுத்துப் போட்டிருக்க. அந்த ரசீதும், வைஸும் பைப்புமா நீ ரசிச்சு எழுதின கடுதாசிகளும் ஜட்ஜ் கிட்டப் போயாச்சு. பொய்ச் சத்தியத்துக்குச் சம்மன் வரும். வேணும்னே உடைச்சுப் புதுசு வாங்கி வித்ததுக்குக் கம்பெனி தனியா எழுதும். அப்பா எழுதினதுக்கு ஒரு நகல் எடுத்து ஹெர்ஷல் போக்குக்கு அனுப்பிட்டேன். செத்துப் போனவர் கையெழுத்துன்னு மேல ஒரு வரி சேர்த்தேன்.

மீன் விருந்துல நான் சிரிச்சேன்னு எழுதியிருந்த. ஆமா, சிரிச்சேன். இப்பவும் சிரிக்கிறேன்.

லவோன் ட்ராஸ்க்


மன்சி
19 ஆகஸ்ட் 1978

என் உயிரினும் மேலான லவோன்,

சம்மன் வந்துடுச்சு. ஹெர்ஷல் கணக்கை முடிச்சு அனுப்பிட்டார். அந்த நகலைப் பட்டறைக் கதவுலயே ஒட்டியிருக்காங்க. இந்த ஊர்ல எந்தப் பட்டறைக்குப் போனாலும் நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே "நீதானே ட்ராஸ்க்?"ங்கிறான்.

கோபத்துல புத்தி கெட்டுப் போச்சு. உங்கப்பா காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். ஜட்ஜ் கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லு, எங்களுக்குள்ள தீர்ந்துபோச்சு, விட்டுடுங்கன்னு. அந்தச் சர்ச்சுல நின்னு, ஆயுசு முழுக்கன்னுதானே ரெண்டு பேரும் சொன்னோம்? அதுவும் ஒரு கியாரண்டிதானே, லவோன்? நான் திரும்பி வந்துடுறேன். முதல் வேலையா அந்தப் பின்வாசல் படியைக் கட்டி முடிக்கிறேன்.

பதிலுக்கு வழி பார்த்துக்கிட்டிருக்கும்,
உன் கர்டிஸ்


மறுப்புச் சீட்டு
ஓலியன், நியூயார்க்
28 ஆகஸ்ட் 1978

அனுப்பியவர்: கர்டிஸ் ஹாப்குட்
வந்த பொருள்: கடிதம், ஒன்று
முடிவு: ஏற்பதற்கில்லை. பொருள் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.
காரணம்: சொந்தக்காரரே வேண்டுமென்று உடைத்தது.

பார்த்தவர்: எல்.டி.