மூக்கனும் மாமாவின் பல்செட்டும்

மார்ச் 3, செவ்வாய்

பட்டாம்பூச்சி மீன் வந்துவிட்டது. வெள்ளை உடம்பில் மஞ்சள் பட்டைகள், முன்னால் இடுக்கி மாதிரி நீண்ட ஒரு மூக்கு. அழகுக்காக வாங்கவில்லை. ஆறு வருஷமாகப் பிள்ளையைப் போல வளர்த்த என் பவளத் தொட்டியில் களை புகுந்துவிட்டது. பார்க்கச் சின்னப் பூ மாதிரி இருக்கும், பக்கத்திலிருக்கும் பவளத்தையெல்லாம் பொசுக்கிவிடும். ஒன்றைப் பிடுங்கினால் பத்தாக வரும். இந்த மீன் அதைத் தின்றே தீர்த்துவிடும் என்று தொட்டிக் கடைக்காரர் அடித்துச் சொன்னார். "பவளத்தையும் ஒரு வாய் பாத்தாலும் பாக்கும். அது உங்க அதிர்ஷ்டம்" என்றும் சொன்னார், மீனைப் பையில் போட்டுக் கட்டிய பிறகு.

வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் என் நாற்காலியில் மாமா. தொட்டிக்கு நேர் எதிரே நான் எனக்காகப் போட்டுவைத்த நாற்காலி. அத்தை போன பிறகு என் மனைவியும் அவள் தங்கையும் பேசிவைத்த ஏற்பாடு இது: அப்பா ஆளுக்கு ஆறு மாதம். எங்கள் முறை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நல்ல மனிதர்தான், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் நாற்காலி நாற்காலிதானே?

"இது மூக்கா மாப்ள, இல்ல கொக்கியா?" என்றார். அவரே பெயரும் வைத்துவிட்டார். மூக்கன்.

மார்ச் 5, வியாழன்

மூக்கன் சாப்பிடவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

இறால், சிப்பி, புழு, உறைய வைத்தது, உயிரோடு நெளிவது, எல்லாம் கொடுத்தாகிவிட்டது. களைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு முதுகோடு ஒட்டிவிட்டது. பவளத்தையாவது கடியேன் என்று கெஞ்சும் நிலைக்கு வந்துவிட்டேன். ஆறு வருஷப் பவளம் — அதைத் தின்னச் சொல்லி நானே கெஞ்சுகிறேன்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "புது இடம்ல சார், கூச்சப்படும். சந்து பொந்துல திணிச்சு வெச்சுப் பாருங்க. கொத்தித் தின்னே பழகினது" என்றார். கல் இடுக்கில் வைத்தேன், சிப்பி ஓட்டுக்குள் வைத்தேன். பந்தியில் கவனிக்காமல் விட்ட சம்பந்தி போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு கஞ்சி வெக்கத் தெரியல, மீனுக்கு மட்டும் ஊட்டி விடுறாரு" என்று மனைவி சுவரிடம் சொன்னாள். கஞ்சி வைத்தேன். அடிப்பிடித்தது, அது வேறு விஷயம்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதிவைக்காவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

மாமாவின் மேல் பல்செட் தொட்டிக்குள் விழுந்துவிட்டது.

"உப்புத் தண்ணில அலசினா பல்லுக்கு நல்லதுன்னு நீங்கதானே மாப்ள சொன்னீங்க?" சொன்னேன். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு என்று சொன்னேன். வீட்டில் ஒரு தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் இருக்கும்போது தனியாக எதற்குக் கலக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மூடியைத் தூக்கிக் கையை விட்டு அலசியிருக்கிறார், வழுக்கிவிட்டது. நேரே போய் என் பெரிய பவளத்தின் மேல் உட்கார்ந்தது. பவளம் என்னைப் பார்த்து இளிப்பது போல இருந்தது.

வாய்க்கு வந்தபடி கத்தப் போனேன். அதற்குள் மூக்கன் வந்தது. பல்செட் எதிரே நின்றது. மதியம் மாமாவுக்கு வயிறு சரியில்லை என்று உப்பு காரம் எதுவும் இல்லாமல் இறாலை அவித்துக் கொடுத்திருந்தாள் மனைவி. கடைவாய்ப் பல் இடுக்கில் அதில் ஒரு நார் மிச்சம். மூக்கன் மூக்கை உள்ளே விட்டது, உருவியது, தின்றது. அடுத்த இடுக்குக்குப் போனது.

"பாத்தீங்களா மாப்ள, பசிக்குதுன்னு என்கிட்டதான் சொல்லியிருக்கு." மேல் பல் இல்லாததால் பாதி வார்த்தை காற்றாக வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

பல்செட் செய்வது என் தொழில். இந்த ஊரில் பாதிப் பேர் சிரிப்பது என் பல்லால். அதனால் இது சுலபமாக முடியும் என்று நினைத்தேன்.

யாரும் வாங்கிப்போகாமல் பட்டறையில் கிடந்த மூன்று செட்டுகளைக் கழுவி எடுத்துவந்து, இடுக்கெல்லாம் இறாலைத் திணித்து இறக்கினேன். மூக்கன் கிட்டேயே வரவில்லை. மாமாவின் பழைய அச்சை வைத்து அதே போல ஒன்று வார்த்தேன். அதையும் சீந்தவில்லை. கீறலும் காபிக் கறையும் உள்ள அந்த ஒரிஜினல்தான் வேண்டுமாம்.

"பழகின பல்லு மாப்ள. அதுக்கு ருசி தெரியும்" என்கிறார் மாமா. மூன்று முறை சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 13, வெள்ளி

மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஒண்ணு மீன் சாப்பிடணும், இல்ல எங்கப்பா சாப்பிடணும். இதென்ன வீடா?"

"எனக்குக் கஞ்சி போதும்மா. அது பாவம், வாயில்லா ஜீவன்" என்றார் மாமா. இந்த வீட்டில் இப்போது யார் வாயில்லா ஜீவன் என்பது பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

கடைசியில் முடிவானது: பழைய செட் மூக்கனுக்கு. மாமாவுக்கு நான் புதிதாக அச்செடுத்து ஒன்று செய்ய வேண்டும்; மீனுக்கென்று அவசரத்தில் வார்த்தது மனிதர் வாய்க்கு ஆகாது. "பல்லில்லாம அனுப்பி வெச்சா என் தங்கச்சி என்னைப் பத்தி என்ன நினைப்பா? புதுப்பல்லு சரியா உக்காந்தாத்தான் அப்பா இங்கேருந்து கிளம்புவாரு" என்றாள். சரி என்றேன். எனக்கு அது என்ன பெரிய வேலையா?

மார்ச் 22, ஞாயிறு

புது செட் மாட்டினேன். என் கையால் செய்ததிலேயே இதுதான் நேர்த்தி. மாமா தாடையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

"கடிக்குது மாப்ள."

லேசாகத் தேய்த்துக் கொடுத்தேன்.

மார்ச் 25, புதன்

இடது பக்கம் கடிக்கிறதாம். தேய்த்தேன்.

மார்ச் 28, சனி

இப்போது வலது பக்கம். எனக்கு வேலை அனுப்பும் பல் டாக்டர் சிரித்துக்கொண்டே, "உங்க மாமனாருக்கே சரியா வரலையாமே?" என்று கேட்கிறார். காலையில் நடக்கப் போகும்போது மாமா அங்கே எட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். மானம் போச்சு. இத்தனை வருஷத்துல ஒருத்தராவது சரியில்லன்னு திரும்பி வந்திருப்பாங்களா? வீட்டு மனுஷனே இப்படிப் பண்ணினா நான் எங்க போய் முட்டிக்க? வேணும்னே பண்றாரா — சேச்சே. அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

மார்ச் 31, செவ்வாய்

மச்சினி போன். "அத்தான், அப்பா பல்லு ரெடியா? நாளைக்கு வண்டி எடுத்துட்டு வரவா?" இன்னும் இல்லை என்றேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து மூக்கனுக்கு இறால் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

பல்செட்டின் கோரைப்பல்லில் ஒரு களை முளைத்துவிட்டது. போச்சு, இதுவும் போச்சு என்று நான் தலையில் கை வைத்தபோது மூக்கன் வந்து அதை வேரோடு பிடுங்கித் தின்றது. தின்றுவிட்டு யோசித்தது. பிறகு கீழே கல்லிலிருந்த களையிடம் போனது. அதையும் தின்றது.

எதற்காக வாங்கினேனோ அந்த வேலையை இன்றுதான் தொடங்கியிருக்கிறது.

ஏப்ரல் 11, சனி

மூக்கன் இப்போது கல்லில், மணலில், கண்ணாடியில் என்று எங்கே எதைக் கண்டாலும் தின்கிறது. களை பாதிக்கு மேல் காலி. பல்செட் பக்கம் போவதே இல்லை. கழுவி எடுத்தால் மாமாவுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்தேன்.

கதவு திறந்திருந்தது. மாமா என் நாற்காலியில். மடியில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை. புதுப் பல்லால் கடக் கடக் என்று கடித்துத் தின்றுகொண்டிருந்தார். கல்லைக் கொடுத்திருந்தாலும் அரைத்திருப்பார். தின்றுகொண்டே மூக்கனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"சின்னவ வீடு எட்டாவது மாடிடா. காலைல எல்லாரும் கிளம்பிப் போயிடுவாங்க. டிவி ஒண்ணுதான் என்கூடப் பேசும். நீ அவசரப்பட்டு எல்லாத்தையும் தின்னு தீத்துடாத. மெதுவாத் தின்னு."

நான் சத்தம் போடாமல் தெருவுக்குப் போய், மறுபடியும் வந்து காலிங்பெல் அடித்தேன். உள்ளே வரும்போது பொட்டலத்தைக் காணோம், பல்செட் அவர் கையில்.

"கடிக்குது மாப்ள" என்றார்.

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. என் பல்லில் ஒரு குறையும் இல்லை என்கிற நிம்மதிதான் முதலில் வந்தது, வெட்கமாக இருக்கிறது. பிறகுதான் மற்றது வந்தது. வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே, மாமா? கேட்கிற மாதிரியா நான் இருந்தேன், நாற்காலி நாற்காலி என்று முணுமுணுத்துக்கொண்டு?

"நாளைக்குத் தேய்ச்சுத் தரேன் மாமா" என்றேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

தேய்க்கிற மிஷினைப் பட்டறையிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து ஓடவிட்டேன். பல்லில் படாமல் காற்றில் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் ஓட்டினேன். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

"அடுத்த ஞாயிறும் தேய்க்கணுமா?"

"தேய்க்கணும்."

உள்ளே போய்விட்டாள். மதியம் எனக்கு மட்டும் இரண்டு துண்டு மீன் அதிகம். மூக்கன் பார்க்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

தொட்டியில் களை ஒன்றுகூட மிச்சமில்லை. காலையில் பெரிய பவளத்திலிருந்து ஒரு சின்னத் துண்டு உடைத்து, பழைய பல்செட்டின் மேல் பசை வைத்து ஒட்டினேன். மாமா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் பல்ல இனிமே எடுக்க முடியாதா மாப்ள?"

"பவளம் வளந்து மூடணும் மாமா. வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் அசைக்கக் கூடாது."

மச்சினி போன் செய்தாள். இன்னும் கடிக்கிறதாம் என்றேன். நீங்கள் பேசாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்துவிடுங்களேன் என்றும் சொன்னேன். வருகிறார்களாம்.

சாயங்காலம் மாமாவும் நானும் நாற்காலிக் கடைக்குப் போனோம். எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் ஒன்றில் சாய்ந்து, கைப்பிடியைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"இது கடிக்கல மாப்ள."

தொட்டிக்கு எதிரே இப்போது இரண்டு நாற்காலிகள்.