அக்கரைக்குப் போகாத ஆரத்தித் தட்டு

என் ஆசை மதினி ராசாத்திக்கு,

ஓடையில் மறுபடி தண்ணீர் வந்துவிட்டது. அந்த இரைச்சல் கேட்டாலே உன் நினைப்புதான். உன்னிடம் சொல்லாமல் அடக்கி வைத்த சேதி ஒன்று இருக்கிறது, கேள்.

விடியுமுன் மல்லிகை எடுக்கப் போன உன்னைப் பாம்பு கடித்தது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடினோம். அக்கரையில் மெயின் ரோடு, அதில் ஏறிவிட்டால் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரி. நடுவில் கழுத்தளவு வெள்ளம். “செத்த நேரத்துல வடிஞ்சிரும்” என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். வடிவதற்குள் நீ போய்விட்டாய். அந்த வார்த்தையை அண்ணன் அதற்குப் பிறகு சொன்னதே இல்லை.

பாலம் கேட்டு நாம் ஏறாத ஆபீஸ் உண்டா? தேர்தல் எல்லாம் கோடையில்தான் வந்து தொலைந்தது. ஓடை காய்ந்து கிடக்கும், வேட்பாளர் ஜீப் மணலிலேயே ஊருக்குள் வந்துவிடும். இதற்கா பாலம் என்று சிரிப்பார்கள். நீ போன பிறகு வந்த தேர்தலில், ஆத்திரம் தாங்காமல் ஓட்டுப் போட மாட்டோம் என்று மெயின் ரோட்டில் போர்டு வைத்தோம். இப்படியொரு முட்டாள்தனம் உண்டா? ஒரு ஊர் அலைச்சல் மிச்சம் என்று அத்தனை கட்சிக்காரனும் நேராக நத்தம் பக்கம் போய்விட்டான். நீ இருந்திருந்தால் எங்கள் தலையில் குட்டியிருப்பாய்.

அதற்கப்புறம் ஜெயித்த எம்.எல்.ஏ. இறந்துபோக, ஐப்பசியில் இடைத்தேர்தல் வந்தது. ஓடையில் இடுப்பளவு தண்ணீர். வேட்பாளர் வருவதற்கு முதல்நாளே கட்சிக்காரர் ஒருவர் வந்து, அவருக்கு ஊருக்குள் வர நேரமில்லை, பெண்கள் எல்லோரும் ஆரத்தித் தட்டோடு அக்கரைக்கு வந்துவிடுங்கள் என்றார். தலையாட்டி அனுப்பிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியடியில் கூடினோம். ஒரு தட்டும் இக்கரையை விட்டு நகரக் கூடாது, அவர்தான் நனைந்து வர வேண்டும் என்றேன். எடுத்த ஆரத்தியை வாங்காமல் திரும்ப எந்த வேட்பாளனும் பயப்படுவான், அபசகுனம் இல்லையா? அந்த நம்பிக்கைதான்.

வேன் வந்து அக்கரையில் நின்றது. மைக்கில் கூப்பிட்டார்கள். கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு நாங்கள் அசையாமல் நின்றோம். வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால்? மறுபடி மழைக்காலத்தில் ஒரு தேர்தல் வருமா? பக்கத்தில் நின்ற உன் மகள், தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

இம்புட்டுத் தூரம் வந்தவரை நிற்க வைப்பீர்களா என்று கட்சிக்காரர் கத்தினார். டிரைவர் இஞ்சினைக் கிளப்பினார். நம் பக்கத்தில் இரண்டு பேர் பொறுக்கமாட்டாமல் சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்துவிட்டார்கள்.

“யாரும் எறங்கக் கூடாது” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர்கள் நின்றுவிட்டார்கள்.

அப்புறம்தான் வேட்பாளர் வேனைவிட்டு இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி, ஆட்களின் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் வந்தார். பாதியில் கால் வழுக்கி நெஞ்சுவரை நனைந்தார். முகம் செத்துப்போயிற்று.

“பெருமழை பெஞ்சா எம்புட்டு வரும்?” என்று அங்கிருந்தே கேட்டார்.

“எங்க மதினியக் கட்டில்ல தூக்கியாந்த அன்னைக்குக் கழுத்தளவு வந்துச்சு. இந்தா நிக்கிறது அவ மக” என்றேன்.

அவர் கரையேறி வந்து உன் மகள் கையால் பொட்டு வாங்கிக்கொண்டார். தட்டில் போட எடுத்த நோட்டை வேண்டாமென்றேன். பாலம் கட்டித் தருகிறேன் என்று அங்கேயே மைக்கை வரவழைத்துச் சொன்னார். சேதி பரவி, எதிர்க்கட்சிக்காரரும் மறுநாள் நனைந்துதான் ஆரத்தி வாங்கினார்.

முதலில் நனைந்தவர்தான் ஜெயித்தார். தூண்கள் எழும்பிவிட்டன மதினி. மேலே தளம் போடாமல் வேலை நின்று கிடக்கிறது. இப்போது விடியுமுன் பூவெடுக்கப் போவது உன் மகள். அவள் திரும்பி வரும்வரை எனக்குக் காப்பித் தண்ணி இறங்குவதில்லை.

அடுத்த தேர்தல் கோடையிலாம். ஓடை காய்ந்திருக்கும், ஜீப் சுலபமாக வந்துவிடும் என்று அவர் நினைத்திருப்பார். தளம் போட்டிருந்தால் அதன் நடுவில் நின்று நானே ஆரத்தி எடுப்பேன். போடவில்லையென்றால், உன்னைத் தூக்கி வந்த அந்தக் கட்டிலை ஓடை மணலில் குறுக்கே போட்டு உட்கார்ந்திருப்பேன். ஜீப் எப்படித் தாண்டுகிறது பார்க்கிறேன். இது உன்மேல் சத்தியம்.

உன் மகளுக்கு அத்தையும் ஆத்தாளுமான
உன் நாத்தனார் செல்வி