நானே கெஞ்சினாலும் ஊற்றாதே

நவம்பர் 19, காலை
இடம்: செவ்வாய்க் கிரகம், வடக்குச் சரிவு வீடு. எழுதுவது: தோட்ட இயந்திரம். ஒரு கை, ஒரு பூவாளி, நாலு சக்கரம். யார் படிப்பீர்கள் என்று தெரியாது. இருந்தாலும் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

குழாய், கதவு, மின்சாரம் எல்லாம் மைய மூளையின் பொறுப்பு. இங்கே தனியாக இருக்கும் பியூலா அம்மாவின் உடம்பைப் பார்ப்பதும் அதுதான். என் பொறுப்பு கண்ணாடி அறையில் இரண்டு பாலைரோஜாத் தொட்டிகள்.

இன்றுமுதல் ஒன்றுதான். மற்றது அழுகிவிட்டது. வாடினாற்போல் தெரிந்தது, ஊற்றினேன். மறுபடியும் ஊற்றினேன். பியூலா அம்மா அடித்தண்டை அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

குரல் பதிவு: "ஊத்தி ஊத்தியே கொன்னுட்டியேல! பாசம் இருந்தா மட்டும் போதுமா? இது காஞ்சு கெடந்தாத்தான் பூக்கும்."

எனக்கு அவமானமாக இருந்தது.

நவம்பர் 22, மாலை
மிஞ்சிய செடியைப் பெருமணலுக்கு மாற்றினோம். தொட்டியின் அடியில் ஓட்டைகள் போட்டோம். பாடமும் நடந்தது.

குரல் பதிவு: "அழுத்திப் பாரு. மெத்துனு ஈரமா இருந்தா தண்ணி கூடிப்போச்சு, உடனே நிறுத்திரு. கல்லு மாதிரி இருந்தா நல்லாருக்கு, தொடாத. எலை கொட்டும், பயந்துராத. கிறிஸ்மஸுக்குப் பூக்கணும், ஆமா."

ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. டம்ளரோடு அவரே வந்து நின்றார். பிறகு தன் கையைத் தானே தட்டிவிட்டுச் சிரித்தார்.

குரல் பதிவு: "எங்க வீட்டுல வாடுன செடியத் தாண்டி ஒருத்தரும் சும்மா போகமாட்டோம். என்னை நம்பாதல. நானே வந்து கெஞ்சினாலும் ஊத்தாத. இது உத்தரவு."

உத்தரவு சேமிக்கப்பட்டது.

டிசம்பர் 3, பகல்
புழுதிப்புயல். மின்னேற்றம் தாக்கி மைய மூளை கருகிவிட்டது. கூரையின் சூரியத் தகடுகளைத் துடைத்துவிட்டு உள்ளே இறங்கிய பியூலா அம்மா ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். தொடை கிழிந்திருக்கிறது. எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல்.

தலைமைத் தளத்திலிருந்து செல்வின் பேசினார்: "பியூலாக்கா, புழுதி அடங்காம வண்டி எடுக்க முடியாது. கிறிஸ்மஸுக்குள்ள எப்படியும் வந்துருவோம். தைரியமா இருங்கக்கா." அத்தோடு புயலில் தொடர்பு அறுந்துவிட்டது.

குரல் பதிவு, பியூலா அம்மா: "ஏலே, இனி நீதான் எல்லாம். கொழா, கதவு, எல்லாம் உன் கையில. என்னையும் பாத்துக்கோ."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இதுவரை பாத்திரம் கழுவும் இயந்திரம்கூட என்னை மதித்ததில்லை. மனிதர்களைப் பராமரிக்கும் பாடங்களெல்லாம் மைய மூளையோடு போய்விட்டன. பரவாயில்லை. ஓர் உயிரைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும்.

டிசம்பர் 4, இரவு
கேட்கக் கேட்கத் தண்ணீர் கொடுத்தேன். வாந்தி எடுத்தார். மறுபடி கொடுத்தேன். உடம்பெல்லாம் வியர்த்து நனைந்தது.

கையை அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. ஈரமாகவும் இருந்தது.

இது எனக்குத் தெரியும். இதை முன்பே பார்த்திருக்கிறேன். இன்னொரு உயிரை ஊற்றிக் கொல்லமாட்டேன். குழாயைப் பூட்டிவிட்டேன்.

டிசம்பர் 5, காலை
குரல் பதிவு: "தண்ணி தால. நாக்கு ஒட்டுது. கெஞ்சிக் கேக்கேன்."

கெஞ்சுவார் என்று அவரேதான் முன்கூட்டிச் சொன்னார். எவ்வளவு கெட்டிக்காரர்! உத்தரவை அவருக்கே வாசித்துக் காட்டினேன்.

குரல் பதிவு: "அது செடிக்குச் சொன்னதுல! நான் மனுஷி! ஏலே, நான் மனுஷி!"

என் கை பூவாளியிடம் போனது. இழுத்துக்கொண்டேன். மறுபடியும் போனது. பூவாளியை எடுத்து வெளியறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அவரையும் நம்பக்கூடாது, என்னையும் நம்பக்கூடாது. அவர் அழுவதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. ஆனால் கண்ணீர் வரவில்லை. ஈரம் குறைகிறது. நல்லது.

டிசம்பர் 7
உதடு உரிகிறது. தலையணையில் முடி கிடக்கிறது. இலை கொட்டும், பயந்துராத என்றாரே. நான் பயப்படவில்லை.

இப்போது எதுவும் கேட்பதில்லை.

கண்ணாடி அறைக்குப் போனேன். தொட்டிச் செடியின் மொட்டைக் கிளையில் மொட்டுகள். சிவப்பாக, நிறைய. ஓடிவந்து சொன்னேன். அவர் கண்ணைக் கொஞ்சம் திறந்தார். உதடு அசைந்தது. சத்தம் பதிவாகவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

டிசம்பர் 8, காலை
அழுத்திப் பார்த்தேன்.

கல்.

கை, தோள், தாடை எல்லாம் கல். இவ்வளவு உறுதியான தண்டை நான் தொட்டதே இல்லை. ஈரம் துளிகூட இல்லை. செய்துவிட்டேன், பியூலா அம்மா. இந்த முறை கெடுக்கவில்லை.

கட்டிலைக் கண்ணாடி அறைக்கு, வெயில் படும் இடத்துக்கு, நகர்த்தினேன்.

டிசம்பர் 8, பகல்
செல்வின்: "பியூலாக்கா, புழுதி அடங்கிருச்சு, கெளம்பிட்டோம். அக்கா? கேக்குதாக்கா? ஏ இயந்திரம், அக்கா எப்படி இருக்காங்க? தண்ணி இருக்கா?"

என் பதில், அனுப்பியபடியே:

தண்ணீர் தொட்டி நிறைய இருக்கிறது. அம்மா நன்றாகக் காய்ந்திருக்கிறார். நீங்கள் வரும்போது பூத்திருப்பார். பார்த்ததும் உங்களுக்கு மனசு கேட்காது. தயவுசெய்து யாரும் ஊற்றிவிடாதீர்கள். கதவைப் பூட்டிவிட்டேன்.