கிணற்றுக் கல்லில் இருந்த கிழமை

1945 ஜூன் 4, திங்கள். அரிமளம்.

உறுதியான செய்தி: சொக்கநாதன் செட்டியார் வீட்டுப் பின்தோட்டம் அடுத்த மாதம் வெட்டப்படும், அங்கே நெல் அரவை மில் வரும். சொன்னவர் செட்டியாரே. ஆதாரமாகக் காட்டியது, ஏப்ரலில் அந்த வீட்டைப் பற்றி நான் எழுதிய கட்டுரை.

"தாத்தா 1886ல கோயில் பூவுக்குத் தோட்டத்தை விட்டாருன்னு நீங்கதானே போட்டீங்க? 1890ல அவரே ரத்துப் பண்ணிட்டாரு. பத்திரம் பெட்டியில இருக்கு."

ஜூன் 5

தோட்டத்துக் குடிசையில் இருந்துகொண்டு கோயிலுக்குப் பூப்பறிப்பவள் அழகி. என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைக்கவில்லை.

"வாங்க. ஒங்க எழுத்தாலதான் நான் குடிசையைப் பிரிக்கப் போறேன். எங்கிட்டுப் போறதுன்னும் பேப்பர்ல போட்டுருங்க."

செண்பகத்தடியில் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 6

செட்டியார் மனைவி மீனாள் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். பேரன். பெயர் கேட்டேன்.

"அதை நான் எப்படிச் சொல்றது? இவுக பேருதான்," என்று சிரித்தார்.

தாத்தா பெயர் பேரனுக்கு. அப்படியானால் இந்த வீட்டில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை சொக்கநாதன், நடுவில் ராமசுப்பிரமணியன். பூவுக்குத் தோட்டம் விட்டதைச் சொல்லும் தோட்டத்துக் கிணற்றுக் கல்லில் இருப்பது: 'பார்த்திப வருஷம் தை 14 புதன், ராமசுப்பிரமணியன் குமாரன் சொக்கநாதன்.' பார்த்திபவும் அறுபது ஆண்டுக்கொரு முறை வருவது. 1886 என்று நான் எதை வைத்து எழுதினேன்? 1826 ஏன் இல்லை? அப்போதும் ஒரு சொக்கநாதன் இருந்திருப்பாரே — தாத்தாவின் தாத்தா. அவர் கோயிலுக்குக் கொடுத்திருந்தால், 1890ல் அவர் பேரன் ரத்துச் செய்ய என்ன உரிமை?

கட்டுரையில் கிழமையை வெட்டியது நான்தான். காகிதத் தட்டுப்பாடு, ஒரு வரி மிச்சம். வெட்கமாயிருக்கு.

தை 14 புதனாக வந்தது எந்த ஆண்டில் என்று கேட்டு, திருமயத்தில் பஞ்சாங்கம் கணிக்கும் ஆத்மநாதனுக்குக் கடிதம் போட்டேன்.

ஜூன் 12

பதில் இல்லை. மரம் அளக்க ஆள் வந்து போனான்.

ஜூன் 19

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் இரண்டு இடத்தில் நின்றது. திருமயத்துக்கு நானே போய்விட்டேன். ஆத்மநாதன் கணக்கை முடித்து வைத்திருந்தார், தபால்தலை இல்லையாம். 1886 தை 14 திங்கள். 1826 தை 14 புதன். இரண்டு தடவை போட்டுக் காட்டச் சொன்னேன்.

ஜூன் 27, புதன்

செட்டியார் கணக்குத்தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு கிணற்றடிக்குப் போய்க் கல்லைத் தடவிப் பார்த்தார்.

"எங்க வீட்டு ஆளு யாருன்னு திருமயத்துல கேட்டா தெரியவேண்டியிருக்கு," என்றார். "மில்லை ரோட்டுக்கு அங்கிட்டு வச்சுக்கிறேன். இதையும் பேப்பர்ல போடுங்க. கிழமையோட."

"அப்ப நான் இங்கனயே இருக்கலாமா?" என்று அழகி கேட்டாள். தோட்டம் கோயிலுடையது, கோயிலைத்தான் கேட்க வேண்டும் என்றார் செட்டியார்.

திருத்தம் ஞாயிறு இதழில் வரும். கல்லின் கீழ்ப்பாதியைச் சுண்ணாம்பு மூடியிருக்கிறது. பூப்பறிக்கும் உரிமை யாருக்கு என்பது அங்கே எழுதியிருக்கலாம், இல்லாமலும் போகலாம். சுரண்டிப் பார்க்கக் கொத்தனார் வெள்ளிக்கிழமை வருகிறார்.