ஐந்து குதிரையும் என் ஜோடி மாடும்

3-2-1964, திங்கள்

கலியபெருமாள் கிணற்றில் கரண்ட் மோட்டார் இறக்கிவிட்டான். என் சித்தப்பா மகன். கிணறு எங்கள் இருவருக்கும் பொது. சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, ஊரையே கூப்பிட்டிருக்கிறான். எனக்கு மட்டும் சொல்லவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்தான் தெரிந்தது. "இன்னா சார், உங்க கெணத்துல அஞ்சு குதிரை ஓடுதாமே!"

எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை கோட்டடித்தவனிடம் மோட்டார். ஹைஸ்கூலில் பௌதிகம் நடத்தும் நான் இன்னும் மாடு கட்டித்தான் இறைக்கிறேன். வயிறு எரிகிறது. எரியட்டும், என் நோட்டில்தானே எழுதுகிறேன்.

6-2

நைனா காலத்திலிருந்து முறை இதுதான்: காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை அவர்கள், பன்னிரண்டு முதல் ஆறு வரை நாங்கள். இரு பக்கமும் கவலை ஏற்றம் — ஜோடி மாடு சரிவில் இறங்கிக் கயிற்றை இழுக்கும், தோல் சால் தண்ணீரோடு மேலே வரும். நாள் முழுக்க இறைத்தாலும் தண்ணீர் பத்தடி இறங்காது. அதனால் சண்டை வந்ததில்லை.

இன்று மதியம் பாவாடை மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் கிணற்றில் சேறு. பாவாடை எங்கள் கவலையைப் பதினோரு வருடமாக ஓட்டுகிறவன். "சால்ல தவளைதான் சார் வருது" என்றான்.

7-2

இன்றும் சேறு.

9-2, ஞாயிறு

நேரில் போய்க் கேட்டேன். "என் முறையிலதாண்ணா போடுறேன். பன்னெண்டு அடிச்சா நிறுத்திடுறேன். வேணும்னா கடியாரம் பாத்துக்குங்க" என்றான். கடியாரமாம்! அவனுக்குக் கடியாரம் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

என் இரண்டு ஏக்கர் மல்லாட்டை பூ விட்டிருக்கிறது. மூன்று வாரம் தண்ணீர் இல்லையென்றால் கடலை பிடிக்காது, மாட்டுக்குத் தீனியாகத்தான் பிடுங்கவேண்டும். இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் கெஞ்சியதாகிவிடும்.

16-2, ஞாயிறு

காலையெல்லாம் அளந்தேன். அவன் மோட்டார் இன்று ரிப்பேர், கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஒரு சாலுக்கு மண்ணெண்ணெய் டின்னால் ஒன்பது டின். ஏற்றி ஊற்றித் திரும்ப ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. கணக்குப் போட்டால், இரண்டு மாடும் சேர்ந்து கால் குதிரைத் திறன்! அவனுடையது ஐந்து, பாதி வீணாகப் போனாலும் இரண்டரை. என்னைப்போல் பத்து மடங்கு. அவனுடைய ஒரு மணி என்னுடைய பத்து மணி. திறன் மாறிவிட்ட பிறகு நேரத்தைப் பங்கு போடுவது எப்படி நியாயமாகும்? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் இது. அந்த மாட்டு மண்டைக்கு ஏறாது.

23-2, ஞாயிறு

பஞ்சாயத்து. கிணற்றடியிலேயே கூடினோம். பெரியவர் விநாயகம் முதலில், "மணிக்கு மணி சரியாத்தானேப்பா இருக்குது?" என்றார். கரும்பலகை இல்லாத குறை. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் போட்டுக் காட்டினேன். பாதி பேருக்குப் புரியவில்லை, ஆனால் வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று தலையாட்டினார்கள்.

தீர்ப்பு நான் கேட்டபடியே. இனி மணிக் கணக்கு இல்லை, தண்ணீர்க் கணக்கு. தண்ணீர் இருபதாவது அடியில் தொடங்கி ஐம்பதாவது அடியில் தரை. முப்பத்தைந்தாவது அடியில் பெயின்ட் கோடு. அவன் அந்தக் கோடு வரை இறைத்து நிறுத்த வேண்டும், மீதி என்னுடையது.

கலியபெருமாள் கிணற்றை எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "உங்க இஷ்டம்ணா. மேல்பாதி எனுது, கீழ்பாதி உங்குளுது. எளுதிடுங்க" என்றான். நானே என் கையால் எழுதினேன். அவன் மூஞ்சி செத்துப்போயிருக்கும் என்று பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

2-3, திங்கள்

கோட்டோடு நிறுத்திவிடுகிறான். என் பங்கு கிணற்றில் கிடக்கிறது. இன்று மூன்று இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

10-3

பாதி வயல்கூட நனையவில்லை. கயிற்றை நீளமாக்கியும் போதவில்லை என்கிறான் பாவாடை. சரிவு முடிந்து சமதரையிலும் மாடு இழுக்க வேண்டியிருக்கிறதாம். பாவாடையைச் சோம்பேறி என்று திட்டிவிட்டேன். "நீங்க ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க சார். அப்புறம் என்னத் திட்டுங்க" என்றான். எவ்வளவு திமிர்!

13-3, வெள்ளி

ஒன்பதாம் வகுப்பு. வேலை என்பது எடை பெருக்கல் உயரம். பலகையில் கிணறு வரைந்தேன். சராசரி உயரம் கண்டுபிடி என்று எழுதினேன். சாக்கட்டி கையிலேயே நின்றுவிட்டது.

மேல்பாதிக்குச் சராசரி இருபத்தேழரை அடி. கீழ்பாதிக்கு நாற்பத்திரண்டரை. அதே தண்ணீர், எனக்கு ஒன்றரை மடங்கு வேலை. லேசான பாதியை ஐந்து குதிரைக்கும், கனமான பாதியைக் கால் குதிரைக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். நான்! என் கையெழுத்தில்! தலைவலி என்று சொல்லி வகுப்பை விட்டுவிட்டேன்.

15-3

அவனுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. எப்படி? கணக்குத் தெரியாதே அவனுக்கு. ஆனால் பள்ளியை விட்ட நாளிலிருந்து இருபது வருடம் அந்தச் சரிவில் மாடு ஓட்டினவன். நான் ஒருநாள்கூடக் கயிற்றைத் தொட்டதில்லை. பாவாடைக்கும் தெரிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கலியபெருமாளிடம் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லவா? செத்தாலும் மாட்டேன்.

22-3, ஞாயிறு

இடது மாடு சரிவில் முன்னங்கால் மடங்கி விழுந்துவிட்டது. பாவாடை சட்டென்று கயிற்றை அறுத்துவிட்டதால் உயிர் பிழைத்தது. இனி இறைக்காது. அவன் என்னைத் திட்டவில்லை, மாட்டின் காலைத் தடவிக்கொண்டே இருந்தான். திட்டியிருக்கலாம்.

காய் பிடிக்கிற சமயம். இலையெல்லாம் மடங்கிக் கிடக்கிறது.

26-3, வியாழன்

சைக்கிளை விட்டு இறங்கும்போதே சத்தம் கேட்டது. என் வயலில் தண்ணீர் பாய்கிறது!

என் மனைவி ஆண்டாள் அடுப்பைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள். "நான்தான் போய்க் கேட்டேன். உங்களக் கேட்டா வாணாம்பீங்க."

அவன் என்ன சொன்னான் என்றேன்.

"'ஒரு சுச்சு போடணும், அவ்ளோதான அண்ணி, எனக்கு இன்னா கஷ்டம்'னு சொன்னாரு."

அந்த ஒரு வார்த்தைக்குக் கத்தினேன் பாருங்கள், அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். என் மாடு கால் மடங்கிக் கிடக்கிறது, அவனுக்கு ஒரு சுச்சு! ஆண்டாள் சோறு போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டாள். சாப்பிடவில்லை.

27-3

பெரிய வெள்ளி, பள்ளிக்கு லீவு. மடையை அடைத்துவிடத்தான் மண்வெட்டியோடு போனேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதற்குத்தான் போனேன்.

மடங்கிக் கிடந்த இலைகள் பாதிக்கு மேல் விரிந்திருந்தன. தண்ணீர் கணுக்காலுக்கு ஜில்லென்று இருந்தது. கலியபெருமாள் மோட்டார் கொட்டகை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டே வரவில்லை. அவனைப் பிடிக்கவில்லை எனக்கு, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் தப்பு என்னுடையது.

கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் ஏறாமல் நின்றது. மடையை ஒரு சாண் அகலமாக வெட்டிவிட்டேன்.

"போதுமாண்ணா?" என்று அங்கிருந்தே கத்தினான்.

"இன்னும் அரை மணி ஓடட்டும்" என்றேன்.