நடவுக்குப் பதினாறு பேர் போதும்

செப். 17, புதன்

நல்ல வெயில். வாய்க்காலில் தண்ணீர் வந்து நான்கு நாள். நாற்றுப் பறிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இது உரக்கடைக்காரர் அப்பாவுக்குக் கொடுத்த போன வருஷத்து டைரி. தேதி சரி, கிழமை தப்பு. அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

இன்று பெரிய விஷயம். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் புது அறிவிப்பு. விவசாய வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியிருக்கிறார்கள். நடவுக்கு இவ்வளவு, அறுப்புக்கு இவ்வளவு, இத்தனை மணி நேரம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டேன். பேனா இரண்டு இடத்தில் ஒழுகியது.

எங்கள் ஊர் குரும்பகரத்துக்குத் திரும்பும் வழியில் மதகடியில் நாற்றுப் பறித்துவிட்டு வந்த பெண்கள் எல்லாரும். அஞ்சலை அத்தை என்னைப் பிடித்து நிறுத்தினாள். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. எங்கள் தெரு நடவு ஆட்களுக்கு அவள்தான் தலைவி.

"என்ன புள்ள, ஓடி வர்ற? நாய் தொரத்துதா?"

சொன்னேன்.

"அப்படியா சேதி? மேல ஏறி நில்லு. எல்லாருக்கும் கேக்குறாப்புல படி."

மதகுச் சுவரில் ஏறி நின்று படித்தேன். கூலி வரி வந்ததும், "அந்த எடத்தை இன்னொருக்கா படி," என்றாள். மூன்று தடவை படித்தேன். ராசாத்தி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நெசமாத்தானா? எழுதுனவனுக்குக் கணக்குத் தெரியுமா?"

அம்மா கடைசியில் நின்றாள், கனத்த காலை மதகில் சாய்த்துக்கொண்டு. "எம்பொண்ணு படிச்சா ரேடியோ பேசுறாப்புல இருக்குல்ல?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். எனக்குக் கேட்டுவிட்டது.

செப். 18, வியாழன்

அம்மா சொன்னாள்: "தொகையை எங்கயும் எழுதி வைக்காத. கண்ணு படும்." சரி, இங்கே எழுதவில்லை.

புதுக் கூலி வந்தால்:
— என் பரீட்சைக் கட்டணம் (பத்தாம் வகுப்பு; அக்டோபர் கடைசிக்குள்)
— அம்மா காலுக்கு டவுன் டாக்டர்
— கூரைக்கு வடக்குப் பக்கம் மட்டும் கீற்று
— கவராயம், புதுசு. என்னுடையதற்கு முள் இல்லை.

சமூக அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். கூலி கூடினால் ஏழைகள் அதிகம் வாங்குவார்கள், கடைக்காரர் அதிகம் விற்பார், எல்லாரும் முன்னேறுவார்கள் என்றார். கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டினார். அம்பு வட்டமாகச் சுற்றி வந்து ஆரம்பித்த இடத்திலேயே சேர்ந்தது. மிகவும் பிடித்திருந்தது.

செப். 20, சனி

மேகம், மழை இல்லை. காலாண்டு லீவு இன்றிலிருந்து.

பெண்கள் எல்லாரும் பண்ணைக்குப் போனார்கள். நானும் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன், கேட்டால் காட்ட. அப்பா வரவில்லை. பண்ணை வண்டியை ஓட்டுகிறவர். "நான் வந்து நின்னா நாளைக்கு மாட்டைப் பூட்டச் சொல்ல மாட்டாங்க," என்றார்.

காரியக்காரர்தான் பேசினார். பண்ணை வேலை முழுக்க அவர் பார்வையில். இனி கா.கா. என்று எழுதுகிறேன்; நடை கூட அப்படித்தான், தலையைச் சாய்த்துச் சாய்த்து.

சண்டை வரும் என்று பயந்தேன். வரவே இல்லை.

"கவர்மெண்டு சொன்ன பொறவு பேச்சு என்ன இருக்கு? குடுத்துடலாம்னு அய்யா சொல்லிட்டாங்க."

அத்தைக்கே நம்பிக்கை வரவில்லை. "முழுசாவுங்களா?"

"முழுசாத்தான். ஆனா வெத்தல பாக்கு, மத்தியானக் கஞ்சி, நடவு முடிஞ்சா கடைசி நாள் சோறு, அதெல்லாம் இனிமே கெடையாது. காசா வாங்கிட்டீங்கல்ல. அப்புறம், எத்தினி ஆளு வேணும்னு நாங்க சொல்லுவோம்."

"சொல்லுங்க சாமி, சொல்லுங்க," என்றாள் அத்தை. எல்லாரும் சிரித்துக்கொண்டே திரும்பினோம். வெற்றிலை போனதைப் பற்றித்தான் வழி முழுக்கப் பேச்சு. "கவர்மெண்டு நோட்டீசுல வெத்தல இல்லையா புள்ள? நல்லாத் தேடிப் பாரு."

கடைசியாக அவர் சொன்னதை யாரும் பேசவில்லை. நானும்தான்.

செப். 23, செவ்வாய்

புதுக் கூலியில் முதல் நடவு. மேலக்கரை வயல். நான் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன் (பண்ணைக் கஞ்சி நின்றுவிட்டதால்).

எங்கள் தெருவில் நடவுக்கு ஆள் எண்ணிக்கை என்று ஒன்று இருந்ததே இல்லை. "நாளைக்கு இந்த வயல்" என்று பண்ணையிலிருந்து சேதி வரும், தெருவே கிளம்பும். இருபத்திரண்டு பேர், இருபத்து மூன்று பேர். கூலி குறைவு, அதனால் பண்ணையும் தலையை எண்ணியதில்லை. மெதுவான கைகளை வரிசைக்கு நடுவில் விடுவார்கள். இரண்டு பக்கமும் வேகமானவர்கள் நின்று ஆளுக்கு ஒரு முழம் உள்ளே கை நீட்டி நட்டுவிடுவார்கள். வரிசை ஒன்றாகவே பின்னால் போகும், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அம்மாவின் இடம் அத்தைக்கும் ராசாத்தி அக்காவுக்கும் நடுவில். அம்மாவுக்கு இடது கால் யானைக்கால். ஒவ்வொரு அடிக்கும் சேற்றிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டும்.

இன்று கா.கா. கயிறு கொண்டுவந்தார். வயலை அளந்து, ஆளுக்கு இவ்வளவு அகலம் என்று குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி கயிறு கட்டினார். "அவங்கவங்க கயித்துக்குள்ள அவங்கவங்க நடணும். பக்கத்துல கை போகக்கூடாது."

அத்தை சிரித்தாள். "எங்களை என்னங்க, மாடு கட்டுறாப்புல கட்டுறீங்க?"

"சம்பளம் ஏறிப்போச்சுல்ல அஞ்சல. ஆபீசு மாதிரின்னு வச்சுக்க."

பத்து மணிக்குள் தெரிந்துவிட்டது. எல்லாரும் நட்டுக்கொண்டே பின்னால் போய்விட்டார்கள். அம்மாவின் கயிற்றுக்குள் மட்டும் வெறும் சேறு நீளமாக, தலையில் வகிடு எடுத்தது போல. காத்தாயிப் பாட்டியினுடையதும் அப்படியே. ராசாத்தி அக்கா கை தன்னால் அம்மா பக்கம் நீண்டது. கா.கா. வரப்பிலிருந்து, "ஏ, கயிறு," என்றார். சத்தமாகக்கூட இல்லை. கை திரும்பிவிட்டது.

அம்மா நிமிரவே இல்லை. கஞ்சித் தூக்கை வரப்பில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கூப்பிட்டால் இன்னும் பின்தங்குவாள்.

சாயந்தரம் எல்லாருக்கும் முழுக் கூலி. அம்மாவுக்கும். என் கையில் கொடுத்தாள். "நீ படிச்ச காசு," என்றாள்.

செப். 24, புதன்

"நாளையிலேருந்து பதினாறு பேர் போதும்" என்று கா.கா. சொல்லிவிட்டார். எந்தப் பதினாறு என்று அவர் சொல்லவில்லை. அத்தையையே சொல்லச் சொல்லிவிட்டார்.

அத்தை வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. வாசற்படியில் நின்றபடியே.

"வளரு, அந்த நோட்டை எடு. ஆளைக் கொறைக்கக் கூடாதுன்னு அதுல எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

பார்த்தேன். இல்லை.

"அடியில பாரு, சின்ன எழுத்துல எதாச்சும்."

இல்லை. நான்தான் ஓர் எழுத்து விடாமல் எழுதினேனே. எதையாவது விட்டிருக்கக் கூடாதா என்று முதல் தடவையாகத் தோன்றியது.

அம்மாதான் பேசினாள். "என்னை விட்டுடுங்க அண்ணி. நீங்க ஏன் வாசல்ல நின்னு கஷ்டப்படுறீங்க."

அத்தை அழுதாள். ஏழு பேர் பெயரைச் சொன்னாள். காத்தாயிப் பாட்டி, அம்மா, மாசமாக இருக்கிற கோமதி, இன்னும் நால்வர். பிறகு என்னைப் பார்த்து, "படிச்ச வாயி," என்றாள். கோபமாகவா, சும்மாவா, தெரியவில்லை.

பூனை நான்கு குட்டி போட்டிருக்கிறது. அடுப்பு மூலையில்.

செப். 27, சனி

இதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நான் பாதியை மறைக்கிறவள் ஆவேன்: ராசாத்தி அக்கா கைக்குழந்தைக்கு டானிக் வாங்கினாள். கண்ணால் பார்த்தேன். அவள் புருஷன் மண்டபத்தூருக்குப் போய் மீன் வாங்கி வந்தான், கூடை நிறைய. மூன்று வீட்டில் புதுப் பாவாடை. டீச்சர் போட்ட அம்பு சுற்றத்தான் செய்கிறது. எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் திரும்பிவிடுகிறது.

கோமதி வீட்டிலிருந்து மண்ணெண்ணெய் கடன் கேட்டு வந்தார்கள். எங்களிடமும் இல்லை.

நூலகப் புத்தகம் திருப்ப வேண்டும். பாதிதான் படித்தேன்.

செப். 30, செவ்வாய்

அம்மா மூன்று நாளாகக் காலையிலேயே எங்கோ போகிறாள். சுள்ளி பொறுக்க என்றாள். இன்று சேலை துவைத்தபோது பார்த்தேன். எங்கள் வயல் சேறு கறுப்பு. சேலையில் ஒட்டியிருந்தது செம்மண் கலந்தது.

கேட்டேன். ஒளிக்கவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மாநில எல்லைக்கு அப்பால் நடவாம். அங்கே வேறு கவர்மெண்டு. கொம்யூன் பலகை அறிவிப்பு அங்கே செல்லாது. பழைய கூலிதான்.

"பழைய கூலியாவது முழுசாத் தர்றாங்களாம்மா?"

"நம்ம பக்கத்துலேருந்து நெறையப் பேரு போறாங்கல்ல. அதுலயும் கொஞ்சம் கொறைச்சுட்டான்." பிறகு: "ஆனா அங்க கயிறு கட்டல வளரு. பக்கத்துல நிக்கிறவ ஒரு முழம் போட்டுக் குடுக்குறா. யாருன்னே தெரியாது, பேரு கூடக் கேக்கல."

போக மூன்று மைல், வர மூன்று மைல். அந்தக் காலோடு.

அக். 2, வியாழன்

இரவெல்லாம் மழை. வடக்குக் கூரை ஒழுகுகிறது. டைரியை அரிசிப் பானைக்குள் வைத்தேன்.

அம்மாவுக்கு நெறி கட்டிவிட்டது. காய்ச்சல், நடுக்கம். கால் சிவந்து, தொட்டால் அடுப்புச் சட்டி மாதிரி. வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினேன். "கொம்யூன் பலகையில இன்னும் அந்தக் காயிதம் இருக்கா?" என்று கேட்டாள். மழையில் நனைந்து கிழிந்திருக்கும் என்றேன்.

அக். 4, சனி

அத்தை வந்தாள், இந்தத் தடவை உட்கார்ந்தாள். பதினாறில் ஒருத்தி பிரசவம் பார்க்க மகள் ஊருக்குப் போய்விட்டாள். ஓர் இடம் காலி.

"இவ வரட்டும் தம்பி," என்றாள் அப்பாவிடம். "சின்னக் கை, வேகமா ஓடும். பதினஞ்சு நாள்தான். முழுக் கூலி."

அம்மா படுத்தபடியே: "அவ வர மாட்டா. திங்கக்கெழம பள்ளிக்கூடம்."

"பரீச்சப் பணத்தை யாரு கட்டுறது? நோட்டீசா கட்டும்?"

அப்பா கூரையைப் பார்த்தார். ஒழுகும் இடத்தில் வைத்த ஏனத்தைத் தள்ளி வைத்தார்.

நான் போகிறேன் என்று நான்தான் சொன்னேன். பதினைந்து நாள்தானே.

அக். 6, திங்கள்

தூறல். பஸ் போகும் சத்தம் வயலில் கேட்டது. நான் பள்ளிக்கூடம் போகும் எட்டு ஐந்து பஸ்.

என் இடம் நடுவில், ராசாத்தி அக்காவுக்குப் பக்கத்தில். அம்மா நின்ற இடம். நாற்றைக் கிள்ளிப் பிரிக்கக் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் நகக்கண்ணில் ரத்தம். இடுப்பு தனியாக வேறு யாருடையதோ போல. ஆனால் கயிற்றுக்குள் என் வரிசை நேராக இருந்தது. கா.கா. பார்த்துவிட்டு, "படிச்ச புள்ள, கோடு போட்டாப்புல நடுது," என்றார். சந்தோஷமாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

கூலிச் சீட்டில் மற்றவர்கள் கைநாட்டு. நான் கையெழுத்து.

பணத்தை அம்மாவிடம் கொடுத்தேன். "எந்த எடத்துல நின்ன?" என்று கேட்டாள். சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அக். 7, செவ்வாய்

மழை விட்டது. வரப்புப் பூவரசில் கட்டிய சேலை ஏணையில் ராசாத்தி அக்காவின் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அவள் நான்கு தடவை பால் கொடுக்கப் போனாள். நான்கு தடவையும் அவள் கயிற்றுக்குள் சேறு நீண்டது. எனக்கு ஒரு முழம் கை நீட்டினால் போதும். கா.கா. அப்போது அந்தக் கோடியில் நின்றார், பார்த்திருக்க மாட்டார். நீட்டவில்லை. என் வரிசை கெட்டுவிடும் என்று நினைத்தேன்.

சாயந்தரம் கரையேறியதும் சேதி: நாளையிலிருந்து பதினைந்து பேர்.

அத்தை யாரையும் பார்க்காமல், காலைக் கழுவியபடியே, "இன்னைக்கு யாரு பின்தங்குனது? என் வாயால சொல்ல வைக்காதீங்கடி," என்றாள்.

எல்லாரும் குனிந்து சேற்றைக் கழுவினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தலை மட்டும் தன்னால் ராசாத்தி அக்கா பக்கம் திரும்பிவிட்டது.

அத்தை அதைப் பார்த்துவிட்டாள்.