ஈரத்தை நம்பாதவன்

மார்ச் 4, திங்கள்

எங்கள் சலவைக் கடை இன்றும் பூட்டியே கிடக்கிறது. இஸ்திரி மேசையின் நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டு என் மனைவியின் கெண்டைக்காலைப் பதம் பார்த்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. புண் தானாக ஆறவில்லை. இன்று அறுவை சிகிச்சை. தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவி எடுத்துக் காலில் ஒட்டியிருக்கிறார்கள். இப்போது ஒன்றுக்கு இரண்டு புண். காலில் பஞ்சு வைத்து அழுத்திய கட்டு. தொடையில் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய ஒட்டுத்தாள்.

டாக்டர் சொன்னார்: "ஒட்டுன தோலுக்கு அடியில நீர் கோத்துச்சுன்னா பிடிக்காது. சனிக்கிழமை நான் பிரிக்கிற வரைக்கும் கட்டு அசையக் கூடாது."

பிடிக்காவிட்டால்? நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறவள் அவள்.

மார்ச் 5, செவ்வாய்

நான் தூங்கவில்லை. அவள் தூங்கினாள். "எனக்குப் பதிலா நீங்க ஏங்க முனகுறீங்க?" என்றாள் விழித்ததும்.

மார்ச் 6, புதன்

தொடைத் தாளுக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது! பழுப்பாக, ஆறிப்போன டீ நிறத்தில். தொட்டால் தளும்புகிறது. நீர் கோக்கக் கூடாது என்றுதானே சொன்னார்? ஈரத்தைப் பொத்தி வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது? முதலில் வாடை, பிறகு கரும்புள்ளி.

பிற்பகல் - தாளை உரித்துவிட்டேன். சிஸ்டரைக் கூப்பிடச் சொன்னாள். அவர் பக்கத்து வார்டில் இருந்தார், எனக்குப் பொறுமை இல்லை. பாதிதான் உரித்தேன். அவள் போட்ட சத்தத்தில் கை நின்றுவிட்டது. துடைத்து, நானே சூடாக இஸ்திரி போட்ட வெள்ளைத் துணியை வைத்தேன். இனிக் காயும்.

மார்ச் 7, வியாழன்

துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டது.

"யாரு பார்த்த வேலை இது?" என்றார் சிஸ்டர். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே சொன்னேன். உப்புநீரை ஊற்றி ஊற்றி நனைத்து, இழை இழையாக எடுத்தார். அவள் என் கையைக் கடித்தாள். கடிக்கட்டும்.

"கால்ல ஒட்டுன தோலுக்கு அடியிலதாங்க நீர் சேரக் கூடாது. இது தோல் எடுத்த இடம். இங்க அந்த ஈரத்துலதான் புதுத் தோல் வளரும். நாங்களே தொடாம வச்சிருந்தோம், நீங்க காயப் போட்டுட்டீங்க."

காயப் போட்டுட்டீங்க. என் தொழில் தெரிந்துதான் சொன்னாரோ?

உரித்த பாதிக்கு மருந்துப் பசை தடவிய வலைத்துணி. மறு பாதியில் தாள் அப்படியே இருக்கிறது. கிருமி தொற்றினால் காலுக்கும் போகுமாம். "போகும்னு சொல்லல, போகலாம்னு சொன்னேன்" என்கிறார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். பாவி, என்ன காரியம்டா செஞ்சே?

மார்ச் 8, வெள்ளி

காய்ச்சல் இல்லை. "நெத்தி தேஞ்சிடும்ங்க, கைய எடுங்க."

மார்ச் 9, சனி

கட்டைப் பிரித்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "திரும்புங்க" என்றாள். இளஞ்சிவப்பு. டாக்டர் விரலால் மெல்ல அழுத்தினார்; வெளுத்தது, மறுபடி சிவந்தது.

"பிடிச்சிருச்சு."

வராந்தாவில் போய் அழுதேன்.

மார்ச் 19, செவ்வாய்

தொடைத் தாள் தானாகக் கழன்று வந்தது. அடியில் வழுவழுவென்று புதுத் தோல். நான் துணி வைத்த பாதி இன்னும் ரணம். நடுவே கோடு கிழித்த மாதிரி இருக்கிறது. "இது ஆஸ்பத்திரி பாதி, இது உங்க பாதி" என்று கேலி செய்கிறாள். அவளைத் தூங்கவிடாமல் எரிவது என் பாதிதான். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பதில்லை.

ஏப்ரல் 6, சனி

என் பாதியும் ஆறிவிட்டது, தழும்போடு.

கடை திறந்தோம். காலில் அழுத்தப் பட்டை கட்டிக்கொண்டு மேசை முன்னால் நின்றாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நான் அவள் பின்னாலேயே சுற்றினேன். அவள் உட்காரவில்லை. ஒரு சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"ரொம்பக் காய விட்டுட்டீங்க. சுருக்கம் போகல. கொஞ்சம் தண்ணி தெளிங்க."

தெளித்தேன்.